சம்பள மென்பொருள் வாங்குமுன் விலைமனு கோருவோம்

வியாபாரத்தில் நாம் கவனமாக வாங்கும் பொருட்கள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் பொருட்களும் உண்டு. ஒரு தொகைத் துணி வாங்குவதென்றால் நான்கு மொத்தக் கடைகளில் விலை கேட்போம். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் நனைத்து, சாயம் போகிறதா என்று பார்ப்போம். ஆனால் அந்தத் துணியை விற்கும் ஊழியர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கணக்கிடும் மென்பொருளை மட்டும், "தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார், மலிவாகச் செய்து தருவார்" என்ற ஒரு வார்த்தையில் வாங்கிவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். அதற்காக நான் கொடுத்த விலையையும், இரண்டாவது தடவை முறைப்படி விலைமனு கோரி வாங்கியபோது கற்றுக்கொண்டவற்றையும் இவ்வாரம் எழுதுகிறேன். என்னைப் போன்ற வியாபாரிகள் சிலருக்காவது இது பிரயோசனப்படும்.

நடந்தது என்ன?

புறக்கோட்டையில் வாப்பா தொடங்கிய புடவைக் கடை எங்களுடையது. இன்று தெஹிவளையிலும் கண்டியிலும் கிளைகள் இருக்கின்றன. மாளிகாவத்தையில் சிறியதொரு தையல் பிரிவும் உண்டு. எல்லாமாக 64 ஊழியர்கள். 2021ஆம் ஆண்டில், உறவினர் ஒருவர் அறிமுகப்படுத்திய இளைஞரிடம் சம்பள மென்பொருள் ஒன்றை வாங்கினோம். எழுத்தில் எதுவும் இல்லை. ஒரு பற்றுச்சீட்டு மாத்திரமே.

2022இல் பொருட்களின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊழியர்கள் படும் சிரமத்தைப் பார்த்து, அவ்வருடம் ஜூலை முதல் 22 பேருக்கு மாதம் 10,000 ரூபா வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு சேர்த்தோம். மென்பொருளில் "கொடுப்பனவு" என்ற இடத்தில் எமது இலிகிதர் அத்தொகையைப் பதிந்தார். சம்பளச் சிட்டையில் தொகை சரியாக வந்தது. நாமும் திருப்தியடைந்தோம்.

2024 ஜனவரியில், துணிப் பிரிவில் 19 வருடம் நின்ற ஒரு நானா ஓய்வு பெற்றார். வாப்பாவின் காலத்தில் வந்தவர். சேமலாப நிதியை எடுப்பதற்காகத் தனது கணக்கைப் பார்த்துவிட்டு, பழைய சம்பளச் சிட்டைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, சம்பளம் கூடித்தான் இருக்கு. ஆனா சேமலாப நிதி கூடல்லயே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னது உண்மை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 வீதம், தொழில் கொள்வோரின் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு நாம் செலுத்த வேண்டியது 3 வீதம். இவை அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் உரியவை அல்ல. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவும் உழைப்பூதியத்தில் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது. எமது மென்பொருளோ "கொடுப்பனவு" என்று பதியப்பட்ட எதையும் சேமலாப நிதிக் கணக்கில் எடுக்கவில்லை. 40,000 ரூபா அடிப்படைச் சம்பளம் பெறுபவருக்கு 50,000 ரூபாவுக்குக் கணக்கிட வேண்டிய இடத்தில் 40,000 ரூபாவுக்கே கணக்கிட்டிருந்தது. இரண்டு நிதிகளையும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 2,300 ரூபா குறைவு. 22 பேருக்கு, 18 மாதத்துக்கு, 910,800 ரூபா.

இதற்கு மேல் மிகைக்கட்டணம். சேமலாப நிதியை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் செலுத்தாவிட்டால், தாமதத்துக்கேற்ப 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை அறவிடுவார்கள். சம்பளம் கொடுக்கும்போது கழிக்கத் தவறிய ஊழியர் பங்கைப் பின்னர் அவரிடம் கேட்கவும் முடியாது. முழுவதும் நமது கையிலிருந்துதான் போகும். நாங்களாகவே தொழில் திணைக்களத்துக்குச் சென்று விடயத்தைச் சொல்லிக் கட்டி முடித்தோம். நானாவுக்கும் சேர வேண்டியது சேர்ந்தது.

மென்பொருள் தந்த இளைஞரைத் தேடினேன். அவர் 2022இலேயே வெளிநாடு போய்விட்டார். தொலைபேசி இலக்கம் வேலை செய்யவில்லை. தரவுத் தளத்தின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. எமது ஊழியர்களின் மூன்று வருடச் சம்பள விபரம் எமது கணினியிலேயே இருந்தும் எம்மால் அதைத் திறக்க முடியவில்லை. அச்சடித்த சிட்டைகளைப் பார்த்து மீண்டும் எக்ஸலில் பதிந்தோம்.

அந்த எக்ஸலோடு ஒரு வருடத்துக்கும் மேலாக ஓட்டினோம். 2025 ஏப்ரலில் வருமான வரி விலக்கு மாதம் 100,000 ரூபாவிலிருந்து 150,000 ரூபாவாக உயர்ந்தது. எமது இலிகிதர் பழைய அட்டவணைப்படியே கழித்துவிட்டார். 180,000 ரூபா பெறும் கண்டிக் கிளை முகாமையாளருக்குப் புதிய முறைப்படி வரி 1,800 ரூபா; பழைய முறைப்படி கழிக்கப்பட்டதோ 7,100 ரூபா. அவர் தொலைபேசியில் கேட்ட கேள்விக்குப் பிறகுதான், இனிமேல் முறைப்படி ஒரு மென்பொருள் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

முதலில் நமது தேவையை எழுதுவோம்

விலைமனு கோருதல் என்றதும் அரசாங்கத் திணைக்களங்கள் பத்திரிகையில் போடும் பெரிய கேள்வி அறிவித்தல்கள்தான் நினைவுக்கு வரும். அது நமக்கெதற்கு என்று தோன்றும். ஆனால் அதன் அடிப்படை மிகவும் எளிமையானது. விற்பவர் பேசத் தொடங்குமுன் நமக்கு என்ன தேவை என்பதை எழுதிவைக்க வேண்டும். எல்லோருக்கும் ஒரே பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். ஒரே நாளில் பதில்களைத் திறக்க வேண்டும். எப்படித் தீர்மானிப்போம் என்பதையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். இவ்வளவுதான்.

நான், எமது கணக்காளர், இலிகிதர் ஆகிய மூவரும் அமர்ந்து தேவைகளை எழுதினோம். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். மூன்று வாரம் சென்றது. ஏனென்றால், எமது சம்பள முறை எமக்கே முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை. தெஹிவளைக் கிளையில் தாமதமாக வருபவருக்கு ஒரு கழிவு, கண்டியில் வேறொரு கழிவு. பெருநாள் முற்பணத்தைச் சிலரிடம் நான்கு தவணையிலும் சிலரிடம் பத்துத் தவணையிலும் கழித்து வந்தோம். இவற்றையெல்லாம் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்த பிறகே பத்திரம் எழுத முடிந்தது. மென்பொருள் வாங்காமலே விட்டிருந்தாலும் அந்த மூன்று வாரம் வீண்போயிருக்காது.

பத்திரத்தில் நாம் எழுதியவை

எமது பத்திரம் ஏழு பக்கம். அதன் முக்கிய விடயங்கள் இவை:

1. நம்மைப் பற்றிய விபரம்: ஊழியர் எண்ணிக்கை, கிளைகள், சம்பள நாள், விரலடையாள வரவுப்பதிவு இயந்திரத்தின் வகை.

2. சட்டப்படியான கணக்குகள்: சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், முற்பண தனிநபர் வருமான வரி, மேலதிக நேரம், பணிக்கொடை. ஒவ்வொரு கொடுப்பனவும் சேமலாப நிதிக்கு உரியதா இல்லையா என்பதைத் தனித்தனியாகக் குறிக்க வசதி வேண்டும். அப்படிக் குறிக்காமல் புதிய கொடுப்பனவு எதையும் சேர்க்க முடியாதிருக்க வேண்டும். எமது 910,800 ரூபாவில் கற்றுக்கொண்ட வரி இது.

3. வெளியே போக வேண்டிய படிவங்கள்: சேமலாப நிதிக்குரிய மாதாந்தப் படிவம், நம்பிக்கை நிதியப் படிவம், வங்கிகளுக்குச் சம்பளம் அனுப்பும் ஸ்லிப்ஸ் கோப்பு. அடையாள அட்டை இலக்கம் பழைய முறையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வழங்கப்படும் புதிய முறையில் பன்னிரண்டு இலக்கம். இரண்டையும் ஏற்க வேண்டும்.

4. சட்டம் மாறும்போது: இதைத்தான் பலரும் எழுத மறக்கின்றனர். 2020 ஜனவரியில் பழைய உழைக்கும்போது செலுத்தும் வரி முறை நீங்கியது. அதே வருடம் ஏப்ரலில் முற்பண வரி வந்தது. அது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. 2025 ஏப்ரலில் விலக்கு எல்லை மாறியது. தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2016இல் 10,000 ரூபா, 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. இப்படி மாறும் நாட்டில், மாற்றத்தை யார் செய்வது, எத்தனை நாளில் செய்வது, அதற்குக் கட்டணம் உண்டா என்ற மூன்று கேள்விக்கும் எழுத்தில் பதில் கேட்டோம்.

5. தரவு யாருடையது: தரவு எமக்கே சொந்தம். எப்போது கேட்டாலும் எக்ஸல் வடிவில் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் முத்திரையிட்ட உறையில் எமது பெட்டகத்தில் இருக்க வேண்டும்.

6. அனுபவம்: 50க்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள மூன்று வாடிக்கையாளர்களின் விபரம். அவர்களில் ஒருவராவது இரண்டு வருடத்துக்கு மேல் அம்மென்பொருளைப் பாவிப்பவராக இருக்க வேண்டும்.

7. புள்ளி வழங்கும் முறை: கணக்கின் சரித்தன்மைக்கு 40, சேவைக்கும் சட்ட மாற்றங்களுக்கும் 20, தரவுப் பாதுகாப்புக்கு 10, விலைக்கு 30.

பதில்களை இரண்டு உறைகளில் கேட்டோம். ஒன்றில் தொழில்நுட்ப விபரம், மற்றதில் விலை. முதலாவது உறையில் தேறியவரின் விலை உறையை மட்டுமே திறப்போம் என்றும் எழுதினோம். இதற்குக் காரணம் உண்டு. விலையை முதலில் பார்த்துவிட்டால், நமது கண்ணுக்குக் குறைந்த விலைக்காரரின் குறைகள் தெரிவதில்லை. இது மனித இயல்பு.

பன்னிரண்டு பேரின் சம்பளம்

முழு விலைமனுவிலும் பயன்மிக்க பகுதி இதுதான். மென்பொருள் விற்பவர்கள் வந்து திரையில் காட்டும் காட்சியில் எல்லாமே அழகாக இருக்கும். அது அவர்களுடைய உதாரணம்; அவர்களுக்குச் சாதகமான உதாரணம். எனவே நாம் எமது உதாரணத்தைக் கொடுத்தோம். கடந்த மாதச் சம்பளப் பட்டியலிலிருந்து பன்னிரண்டு பேரை, பெயரையும் அடையாள இலக்கத்தையும் மாற்றித் தேர்ந்தெடுத்தோம். இலேசானவர்களை அல்ல, சிக்கலானவர்களை.

மாத நடுவில் சேர்ந்த ஒருவர். மாத நடுவில் விலகிய ஒருவர். நான்கு நாள் சம்பளமற்ற விடுமுறை எடுத்தவர். கடனும் பெருநாள் முற்பணமும் ஒன்றாகக் கழிக்கப்படுபவர். மேலதிக நேரம் அதிகம் செய்தவர். வரி எல்லையைத் தாண்டிய முகாமையாளர். தையல் பிரிவில் இருவர். இப்படிப் பன்னிரண்டு. ஒவ்வொருவருக்கும் கையில் கிடைக்க வேண்டிய தொகை, இரண்டு நிதிகளுக்கும் செல்ல வேண்டிய தொகை, வரி ஆகியவற்றை நாங்கள் முன்கூட்டியே கையால் கணக்கிட்டு, விடைகளைப் பூட்டி வைத்தோம்.

ஆறு நிறுவனங்களுக்குப் பத்திரம் அனுப்பினோம். ஒன்று பதில் தரவில்லை. இன்னொன்று, "காட்சி காட்டுவோம், ஆனால் பரீட்சை எழுதமாட்டோம்" என்றது. அதுவும் ஒரு பதில்தான். மிகுதி நான்கு நிறுவனங்களும் விடைகளை அனுப்பின.

அவற்றில் ஒரு நிறுவனம் விடைகளோடு ஒரு கடிதத்தையும் இணைத்திருந்தது. எமது பத்திரத்தில், மேலதிக நேரத்துக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒன்றரை மடங்கு கொடுப்பதாக எழுதியிருந்தோம். "கடை, அலுவலக ஊழியர்களுக்கு இது சரி. ஆனால் உங்கள் தையல் பிரிவு சம்பளச் சபையின் கீழ் வரும். அங்கே 200ஆல் பிரிக்க வேண்டும். தயவுசெய்து தொழில் காரியாலயத்தில் கேட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தனர்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. விற்க வந்தவர் நமது கணக்கில் பிழை பிடிப்பதா என்று. பிறகு விசாரித்தோம். அவர்கள் சொன்னதே சரி. 40,000 ரூபா சம்பளம் பெறுபவருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு 250 ரூபா கொடுத்து வந்தோம். கொடுத்திருக்க வேண்டியது 300 ரூபா. மாதம் 30 மணித்தியாலம் மேலதிகமாகத் தைத்த ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு மாதமும் 1,500 ரூபா குறைத்திருக்கிறோம். இங்கே குற்றம் மென்பொருளில் இல்லை, எம்மில்தான். நிலுவையைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம்.

திருத்தத்தை அந்த ஒரு நிறுவனத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளாமல், நான்கு பேருக்கும் எழுத்தில் அறிவித்து, அந்த இருவரின் கணக்கை மீண்டும் செய்யச் சொன்னோம். ஒருவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்வதுதான் விலைமனுவின் நியாயம். முடிவில் கடிதம் எழுதிய நிறுவனம் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் சரி. மற்றவை 11, 10, 8. குறைந்தது 10 சரியாக இருக்க வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தோம்.

உறவும் வியாபாரமும்

எட்டு மாத்திரம் சரியாகச் செய்தது எனது மாமா ஒருவரின் மருமகன் வேலை செய்யும் நிறுவனம். பத்திரம் வெளியே போனதுமே மாமா தொலைபேசியில் பேசியிருந்தார். "நம்மட பொடியன்தானே, அவனுக்கே குடு. வெளியாளுக்கு ஏன் சல்லி போகணும்?" என்றார்.

நம்மிடையே இப்படியான வார்த்தையை மறுப்பது இலேசல்ல. நான் சொன்னேன்: "மாமா, அவருக்கும் பத்திரம் அனுப்பியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். சரியாகச் செய்தால் அவருக்குத்தான்." முடிவு வந்த பிறகு, பிழையான நான்கு கணக்குகளையும் எமது விடைகளையும் அந்தத் தம்பிக்கே அனுப்பினேன். எங்கே பிழைத்தார் என்று அவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? மாமா சில வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி மட்டும் நன்றி சொல்லி, இரண்டு பிழைகளைத் திருத்திவிட்டதாக அறிவித்தார்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், முறைப்படி விலைமனு கோருவதன் பெரிய நன்மைகளில் இதுவும் ஒன்று. "உனக்குத் தரமாட்டேன்" என்று உறவினர் முகத்தில் அடிப்பதுபோல் சொல்ல வேண்டியதில்லை. தாளில் இருக்கும் கணக்கே சொல்லிவிடும்.

விலையை எப்படி ஒப்பிடுவது?

தேறிய மூவரின் விலை உறைகளைத் திறந்தோம். முதலாவது 280,000 ரூபா. இரண்டாவது, கடிதம் எழுதியவர்கள், 450,000 ரூபா. மூன்றாவது இணையத்தின் மூலம் பாவிக்கும் முறை. ஆரம்பக் கட்டணம் இல்லை, ஓர் ஊழியருக்கு மாதம் 250 ரூபா.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றாவதே மலிவு. ஆனால் சம்பள மென்பொருள் ஒரு நாளில் வாங்கி முடிக்கும் பொருளல்ல. ஐந்து வருடத்துக்குக் கணக்குப் பார்த்தோம்.

முதலாமவர்: ஆரம்ப விலை 280,000. இரண்டாம் வருடத்திலிருந்து பராமரிப்பு 25 வீதம், அதாவது வருடம் 70,000. நான்கு வருடத்துக்கு 280,000. சட்ட மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 35,000 ரூபா தனியாக. வருடத்துக்கு ஒன்று என்று எடுத்தாலும் 175,000. மொத்தம் 735,000 ரூபா.

இரண்டாமவர்: ஆரம்ப விலை 450,000. பராமரிப்பு 12 வீதம், வருடம் 54,000. நான்கு வருடத்துக்கு 216,000. சட்ட மாற்றங்கள் அதற்குள் அடங்கும். மொத்தம் 666,000 ரூபா.

மூன்றாமவர்: 64 பேருக்கு மாதம் 16,000, வருடம் 192,000, ஐந்து வருடத்துக்கு 960,000 ரூபா.

ஆரம்ப விலையில் கூடியவர் ஐந்து வருடக் கணக்கில் குறைந்தவரானார். ஆனால் இதிலிருந்து, மாதக் கட்டண முறை எப்போதும் விலை கூடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 250 ரூபாவில் பத்துப் பேர் உள்ள கடைக்கு ஐந்து வருடத்துக்கு 150,000 ரூபாதான் வரும். ஊழியர் தொகையைப் பொறுத்து விடை மாறும். எனவே அயல் கடைக்காரருக்குச் சரியானது நமக்கும் சரியாக இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

தீர்மானிக்குமுன் அவர்கள் தந்த மூன்று வாடிக்கையாளர்களுடனும் பேசினேன். "நல்லதா?" என்று கேட்கவில்லை. "2025 ஏப்ரல் வரி மாற்றம் உங்கள் மென்பொருளில் எந்தத் திகதியில் வந்தது?" என்று கேட்டேன். மூவரும் ஏப்ரல் சம்பளத்துக்கு முன்பே வந்ததாகச் சொன்னார்கள். அதன் பின்னரே கையொப்பமிட்டோம்.

கொடுப்பனவும் கையேற்பும்

முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுத்தால் நமது கையில் எந்தப் பிடியும் இராது. கையொப்பமிடும்போது 30 வீதம். பழைய முறையும் புதிய முறையும் இரண்டு மாதம் ஒத்துவந்த பிறகு 40 வீதம். ஆறு மாதத்தில் 20 வீதம். வருட முடிவில் 10 வீதம் என்று ஒப்பந்தம் செய்தோம்.

அந்த இரண்டு மாதமும் இலிகிதருக்கு இரட்டிப்பு வேலை. எக்ஸலிலும் சம்பளம் போட வேண்டும், மென்பொருளிலும் போட வேண்டும். 64 பேரின் தொகையும் சதம் வரை ஒத்துவர வேண்டும். முதல் மாதம் ஏழு பேருக்கு ஒத்துவரவில்லை. ஐந்து பேருடையது எக்ஸலின் பிழை, இருவருடையது மென்பொருளில் நாம் பதிந்த பிழை. இரண்டாம் மாதம் எல்லாம் ஒத்துவந்தது. அந்த மேலதிக வேலைக்காக இலிகிதருக்குத் தனியாக ஒரு தொகை கொடுத்தோம், கொடுக்கத்தான் வேண்டும்.

இந்தக் கட்டத்தை அவசரத்தில் தாண்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உலக உதாரணம் உண்டு. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் திணைக்களம் 2010 மார்ச்சில் புதிய சம்பள முறையொன்றுக்கு மாறியது. 70,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். செய்து கொடுத்தது உலகப் புகழ்பெற்ற நிறுவனம். சோதனைகளில் குறைகள் தெரிந்திருந்தும் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். தாதியர் உட்படப் பலருக்குச் சம்பளம் குறைவாக வந்தது. சிலருக்கு அதிகமாக வந்தது. சிலருக்கு வரவே இல்லை. 2013இல் விசாரணை ஆணைக்குழு ஆராய்ந்தபோது, அந்த முறையைச் சரிசெய்து நடத்துவதற்கான மொத்தச் செலவு சுமார் 120 கோடி அவுஸ்திரேலிய டொலர் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. பெரிய பெயரை நம்பிச் சோதனையைக் கைவிட்டதன் விலை அது. அரசாங்கத்தால் அதைத் தாங்க முடியும். நம்மால் முடியுமா?

சிறிய கடைக்கு இது தேவையா?

பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு ஏழு பக்கப் பத்திரமும் இரண்டு உறைகளும் தேவையில்லை. ஆனால் மூன்று விடயத்தைக் கைவிட வேண்டாம். ஒன்று, ஒரு பக்கத்திலாவது தேவையை எழுதி மூவரிடம் விலை கேளுங்கள். இரண்டு, உங்கள் கடையின் மிகச் சிக்கலான மூன்று சம்பளங்களைக் கொடுத்துக் கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று, தரவும் கடவுச்சொல்லும் உங்களுக்கே உரியவை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். இதற்குச் செலவாவது ஒரு வாரமும் சில தாள்களும்தான்.

துணியில் பிழை இருந்தால் வாங்கியவர் மறுநாளே கொண்டுவந்து போட்டுவிடுவார். சம்பளக் கணக்கில் பிழை இருந்தால் ஊழியருக்கு அது பல வருடம் தெரியாது. வயது போய், கையில் வேறு வருமானம் இல்லாத நாளில்தான் தெரியவரும். எமது நானாவுக்குப் படிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்திருந்தது; பழைய சிட்டைகளையும் பத்திரமாக வைத்திருந்தார். அதனால் தப்பினோம். சிட்டையை எடுத்து வைக்காத ஊழியர்கள் நமது கடைகளில் எத்தனை பேர்? அவர்களுக்காகக் கணக்குப் பார்க்க வேண்டியவர் முதலாளிதான். மென்பொருள் வாங்குவதற்கு முன்பே அந்தக் கணக்கைத் தொடங்குவோம்.